வட சென்னையில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

பறவை பார்ப்பது என்றால் வேடந்தாங்கலுக்கு வேன் பிடித்துப் போவது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் எங்கள் குழுவில் அதிகம். அவர்களை முதல் ஞாயிறு ரெட்டேரிக் கரையில் நிறுத்தி "இங்கேதான்" என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். பின்னால் நூறடிச் சாலை இரைச்சல், காலடியில் பிளாஸ்டிக், எதிரே ஆகாயத்தாமரை, இதில் என்னத்தைப் பார்ப்பது என்று தோன்றுவது இயல்புதான். குப்பைமேடு, அனல்மின் நிலையம், கன்டெய்னர் லாரி, இவ்வளவுதான் நம் பக்கம் என்று மற்றவர்கள் சொல்லிச் சொல்லி நாமும் நம்பிவிட்டோம். அந்த நினைப்புக்கு எங்களிடம் இருக்கும் ஒரே பதில் கணக்குதான். ஒரே ஏரியை, ஒரே கழிமுகத்தை, மழையானாலும் வெயிலானாலும் திரும்பத் திரும்ப எண்ணி எழுதி வைப்பது. பறவை பார்க்கும் குழு என்றால் நல்ல போட்டோ எடுக்கும் குழு என்று எண்ணி வருகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

குழுவுக்கு வருவதற்கு முன்

முதல் இரண்டு வாரம் எங்கும் போக வேண்டாம். காலையில் மொட்டை மாடியில் கால்மணி நேரம் நில்லுங்கள், அது போதும். காக்கையிலிருந்து தொடங்குங்கள். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் அது நாம் தினமும் சோறு வைக்கும் வீட்டுக் காக்கை, உடம்பு முழுக்கக் கறுப்பாக, மூக்கு தடியாக, குரல் கனமாக இருந்தால் அண்டங்காக்கை. இந்த ஒன்றைப் பிரிக்கத் தெரிந்துவிட்டாலே கண் பழக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் வானத்தைப் பாருங்கள். வண்ணாரப்பேட்டையோ வியாசர்பாடியோ கொடுங்கையூரோ, தலைக்கு மேல் எப்போதும் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்காமல் வாலைப் பாருங்கள். நுனி உள்ளே வெட்டினாற்போல் பிளந்திருந்தால் கரும்பருந்து, விசிறிபோல் வளைந்திருந்தால் செம்பருந்து. செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். ஆனால் அதன் குஞ்சு பழுப்பாக இருந்து குழப்பும், அப்போது நிறத்தை விட்டுவிட்டு வாலைத்தான் நம்ப வேண்டும். பெருமாள் கோயில் வாசலில் பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் இந்தச் செம்பருந்துதான்.

பக்கத்தில் பூங்கா இருந்தால் இன்னும் வசதி. ராயபுரம் ராபின்சன் பூங்காவை 1949இல் திமுக தொடங்கப்பட்ட இடமாகத்தான் எல்லோருக்கும் தெரியும். அதுபோன்ற பழைய பூங்காக்களில் கோடையில் காக்கைக் கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் குயில் எப்படிப் பதுங்குகிறது என்று பார்த்தால் அரை நாள் போவதே தெரியாது. கறுப்பாக, சிவந்த கண்ணோடு கத்தி ஊரைக் கூட்டுவது ஆண். உடம்பெல்லாம் புள்ளியாக, சத்தம் காட்டாமல் போய் முட்டையிட்டுவிட்டு வருவது பெண்.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். நடைக்கு வரும் எல்லோரிடமும் பைனாகுலர் இருக்காது, கைமாற்றித்தான் பார்க்கிறோம். பிடித்துப்போன பிறகு வாங்குங்கள், அதுவும் 8x42 என்று எழுதியிருப்பதாகப் பார்த்து. 8 என்றால் எட்டு மடங்கு கிட்டத்தில் தெரியும், 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவது வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பிளாட்பாரத்திலும் ஆன்லைனிலும் "நூறு மடங்கு ஜூம்" என்று எழுதி ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள் பாருங்கள், அது விளையாட்டுச் சாமான், தலைவலிதான் மிச்சம். ஐந்தாறாயிரத்தில் தொடக்கத்துக்குப் போதுமானது கிடைக்கும்.

மற்றபடி ஒரு சின்ன நோட்டு, பேனா, தொப்பி, தண்ணீர், காலை மூடுகிற ஷூ. ஏரிக்கரைப் புதரில் பாம்பு இருக்கும், செருப்போடு வராதீர்கள். பளிச்சென்ற சிவப்பும் வெள்ளையும் வேண்டாம், மங்கலான பழைய சட்டையே நல்லது. போனில் பறவைக் கணக்கை எழுதி வைக்கும் இ-பேர்டு செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள், அது இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்யலாம். குரலைக் கேட்டுப் பேர் சொல்லும் மெர்லின் செயலியும் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது சொன்னது என்பதற்காக எழுதிவிடாதீர்கள். லாரி ஹாரனுக்கு நடுவே அதுவும் என்னதான் செய்யும், கண்ணால் பார்த்தபின் எழுதுங்கள்.

முதல் நடை

காலை ஆறு மணிக்குக் கூடுகிறோம் என்றால் ஆறு மணிக்கு. எட்டரைக்கு மேல் வெயில் ஏறியதும் பறவைகள் அடங்கிவிடும், நீர்மேல் கானல் ஆடத் தொடங்கும், தூரத்தில் இருப்பது வாத்தா நாமக்கோழியா என்று சொல்ல முடியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்க வேண்டும், அதனால் காலை நேரத்தில் கிழக்குக் கரைதான் நமக்கு. வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் எல்லாமே கறுப்பு நிழல்.

வந்ததும் கையை நீட்டிக் கத்தாதீர்கள். கடிகார முள்ளை வைத்துச் சொல்வது எங்கள் வழக்கம்: "பதினொரு மணிப் பக்கம், கோரைக்குக் கீழே, தண்ணீர் ஓரம்." பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் இடம் தவறிவிடும்.

பேர் கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பாருங்கள். உதாரணத்துக்கு மடையான். கரையோரச் சேற்றில் சேறு நிறத்திலேயே, கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு நிற்கும், கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாது. முதலில் அந்த மஞ்சள் கண் தெரியும், பிறகு கழுத்தில் இறங்கும் பழுப்புக் கோடுகள், பிறகு அலகு. மீன் அசைந்தால் கழுத்து மட்டும் அங்குலம் அங்குலமாக முன்னால் வரும், கால் அசையாது. நீங்கள் ஓரடி அதிகமாக வைத்தீர்களோ, குவாக் என்று கத்திக்கொண்டு எழும்பும், எழும்பியதும் சிறகு முழுக்க வெள்ளை! சேற்றில் நின்றதுதான் இதுவா என்று சந்தேகம் வரும். கோடை நெருங்கும்போது அதே பறவைக்கு முதுகு கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். ஒரு மடையானை இப்படி முழுதாகப் பார்த்தவருக்கு மற்றக் கொக்குகள் தானாக வசப்படும்.

கரையில் குடியிருப்பவர்கள் வந்து கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். "இன்னா சார் பாக்குறீங்க, ஏரிய அளக்க வந்துக்கிறீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை இது. பைனாகுலரும் நோட்டுமாக நாலு பேர் வந்தால் அடுத்த மாதம் வீட்டை இடிக்க வருவார்களோ என்ற பயம் அந்த மக்களுக்கு உண்டு. நின்று பதில் சொல்லுங்கள், பைனாகுலரைக் கையில் கொடுத்து ஒரு நீர்க்காகத்தைக் காட்டுங்கள். "அக்கா, இது வருஷம் முழுக்க இருக்குமா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் உங்களுக்குத் தெரியாத நாலு விஷயம் கிடைக்கும். வீடுகளை நோக்கியும், குளிக்கிறவர்கள் பக்கமும் பைனாகுலரைத் திருப்பவே கூடாது, இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

பெண்கள் கேட்கத் தயங்கும் விஷயம் ஒன்று: கரையில் கழிப்பறை கிடையாது. கூடும் இடத்தை ரயில் நிலையம் அல்லது பெட்ரோல் பங்க் பக்கமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் மாற்றுவோம். தனியாக யாரும் கரைக்குப் போக வேண்டாம், ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நாய்கள் கூட்டமாகத் துரத்தும்.

எங்கே போவது

ரெட்டேரி, கொரட்டூர் ஏரி, மாதவரம் ஏரி, மணலி ஏரி, இவை நன்னீர். முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, கூழைக்கடா, பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை என்று தொடக்கக்காரருக்கு வேண்டியதெல்லாம் பெரிய உருவத்தில் நிதானமாகக் காட்சி கொடுக்கும். கொரட்டூரில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்தப் பகுதி மக்களே பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள், அங்கே நடக்கும்போது அது நினைவிருக்கட்டும். புழல் 1876இல் கட்டப்பட்ட நீர்த்தேக்கம், ஊருக்கே குடிதண்ணீர், கரையில் எல்லா இடத்திலும் நடக்க விடமாட்டார்கள், காவலரிடம் வாதாடாதீர்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியலிலேயே போக வேண்டும். படகு வந்து மீன் இறங்கும் நேரத்தில் செம்பருந்தும் கரும்பருந்தும் கொக்கும் தலைக்கு மேல் அடித்துக்கொள்ளும், குளிர்காலத்தில் கடற்காகங்களும் சேரும். ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

எண்ணூர்தான் எங்கள் பக்கத்தின் பெரிய பாடம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம், சேற்றுத் திட்டு, அலையாத்திச் செடிகள், உப்பளம், நடுவே அனல்மின் நிலையச் சாம்பல். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் எண்ணூர் அல்லது அத்திப்பட்டு புதுநகர் நிலையத்தில் இறங்கலாம், தயவுசெய்து ரயிலிலேயே வாருங்கள், அந்த லாரிகளுக்கு நடுவே இரு சக்கர வண்டி வேண்டாம். இங்கே காலை நேரம் மட்டும் பார்த்தால் போதாது, ஓதத்தையும் பார்க்க வேண்டும். நீர் இறங்கிச் சேறு வெளிப்படும் நேரத்தில்தான் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மேயும், நீர் ஏறிவிட்டால் எங்கேயாவது மேட்டில் ஒதுங்கி நிற்கும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து வலசை வருபவை அவை. சின்னச் சின்னப் பழுப்புப் பறவைகள், ஒன்றுபோலவே இருக்கும், தொடக்கத்தில் வெறுப்பாகத்தான் வரும். பவழக்கால் உள்ளானைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த நீண்ட இளஞ்சிவப்புக் காலை வேறெதோடும் குழப்ப முடியாது.

மின் நிலையம், துறைமுகம் பக்கம் லென்ஸை நீட்டினால் பாதுகாவலர் வருவார், பேசிப் பயனில்லை. கழுத்தளவு நீரில் இறால் தடவிக்கொண்டிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எந்த மாதம் எந்தத் திட்டில் எந்தக் கூட்டம் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது, "அண்ணே" என்று கூப்பிட்டு ஒரு டீ சாப்பிட்டுக்கொண்டு கேளுங்கள்.

பழவேற்காடு, பூநாரை எல்லாம் அப்புறம். நவம்பருக்கு மேல் ஒருநாள் எல்லோருமாகப் போவோம்.

எண்ணுவது எப்படி

பலருக்கு இதுதான் சலிப்பு தரும் பகுதி, எனக்கு இதுதான் முக்கியம். இ-பேர்டில் பட்டியலை முடிக்கும்போது, பார்த்து அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி வரும். புதியவர்கள் பூநாரையை எழுதிவிட்டுக் காக்கையை விட்டுவிடுவார்கள். காக்கையும் மைனாவும் மாடப்புறாவும் இல்லாத பட்டியல் அரைப் பட்டியல்.

கூட்டத்தை எண்ணும்போது ஒவ்வொன்றாகத் தொடங்கினால் பாதியில் பறந்துவிடும். ஒரு ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள், அதே அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக நகர்த்திக்கொண்டே போங்கள். பூக்காரம்மா முழம் போடுவதுபோலத்தான். பெரிய கூட்டமென்றால் ஐம்பது ஐம்பதாக. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதி, பிறகு ஒப்பிடுவோம். வித்தியாசம் அதிகமிருந்தால் மறுபடி. எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று போட்டுத் தப்பிக்கவும் செயலி இடம் கொடுக்கும், எங்கள் குழுவில் அதை ஒப்புக்கொள்வதில்லை. சுமாரான எண் எழுதலாம், எண்ணே இல்லாததை வைத்து யாரும் எதையும் கேட்க முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, சிறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களின் படங்களை ஊரே பார்த்தது. படம் பரிதாபத்தைக் காட்டும். அதற்கு முந்தைய டிசம்பரில் அங்கே எத்தனை இருந்தன, அடுத்த டிசம்பரில் எத்தனை என்ற கேள்விக்கு நோட்டுதான் பதில் சொல்லும். பறவை எதுவும் இல்லாத நாளிலும் போய் எழுத வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

கூட்டின் இடத்தை, குறிப்பாக ஆந்தை இருக்கும் மரத்தை, வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். மறுநாள் கேமராவோடு இருபது பேர் நிற்பார்கள்.

ஊரோடு சேர்ந்து செய்பவை

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கிறது, குறைந்தது கால்மணி நேரம் ஓரிடத்தில் எண்ணினாலே போதும், சொந்த ஊருக்குப் போகிறவர்கள் அங்கிருந்தும் எழுதலாம். போகி அன்று விடியலில் மட்டும் முயல வேண்டாம், டயர்ப் புகையில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே தெரியாது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் நான்கு நாள் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். பிள்ளைகளிடம் பேரைச் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், "அது என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி நகரத்தில் இருக்கிறது.

புறா வளர்ப்பவர்களை ஒதுக்காதீர்கள். பந்தயப் புறாவும் கர்ணப் புறாவும் விடுகிற மாடி நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, அந்தப் பையன்கள் நாள் முழுக்க வானத்தையே பார்க்கிறவர்கள். உயரத்தில் ஒரு புள்ளியாக வரும், புறாவை அடித்துத் தின்னும் வல்லூறான பைரியை நாம் பைனாகுலரில் தேடும் முன் அவர்கள் விசிலடித்துப் புறாவை இறக்கிவிடுவார்கள். எங்கள் குழுவில் வேட்டைப் பறவைகளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்தான் செல்லும்.

கோடை விடுமுறையில் காத்தாடி. மாஞ்சா நூல் தடை செய்யப்பட்டதுதான், ஆனாலும் மரத்திலும் கம்பியிலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணாடித்தூள் பூசிய நூலில் சிறகு மாட்டிய பறவை உதற உதற அறுத்துக்கொள்ளும். மாதம் ஒருநாள் கையுறை போட்டுக்கொண்டு, கைக்கு எட்டும் நூலை மட்டும் சுருட்டிச் சாக்கில் கட்டுகிறோம். மின்கம்பி பக்கம் கழியை நீட்டவே கூடாது, அது மின்வாரியத்தின் வேலை. காத்தாடி விடும் பையன்களைத் திட்டிப் பயனில்லை, வெறும் நூலில் விடும் போட்டி வைத்தால் வருகிறார்கள்.

அடிபட்ட பறவை கிடைத்தால் மேலே துணியைப் போட்டு மூடித் தூக்கி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போனால் செத்துவிடும். கொக்கு, நீர்க்காகம் என்றால் அலகு உங்கள் கண்ணை நோக்கி வரும், தலையைப் பிடித்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். பிறகு வனத்துறைக்கோ விலங்கு நல அமைப்புக்கோ சொல்லுங்கள், குழுவில் எழுதினால் யாராவது வண்டியோடு வருவார்கள்.

பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்காக அடுத்த வீட்டுக் கூண்டைத் திறந்துவிட்டு வராதீர்கள். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, பத்து நிமிடத்தில் காக்கை பிடித்துக்கொள்ளும். வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லிப் பொறுமையாகப் பேசுங்கள்.

ஏப்ரலுக்குப் பிறகு

வலசை வந்தவை கிளம்பியதும் ஆள்களும் கிளம்பிவிடுகிறார்கள். டிசம்பரில் முப்பது பேர் வரும் நடைக்கு மே மாதம் மூன்று பேர். கோடையில்தான் ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிடுகிறது, கல்லும் மண்ணும் கலந்த நிறத்தில் இருப்பதால் மிதிக்கும் வரை தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தால் நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம், வந்த வழியே திரும்பி நடங்கள், தேடாதீர்கள். ஏரி வற்ற வற்ற மிச்சமிருக்கும் குட்டையில் நாரைகள் நெருக்கமாகக் கூடும், எண்ணுவதற்கு அதைவிடச் சுலபமான காலம் இல்லை.

புதிதாகச் சேர்கிறவர்களிடம் சந்தா எதுவும் வாங்குவதில்லை. ஏரிக்கு மாதம் ஒருமுறை என்று பொறுப்பு பிரித்துக்கொள்கிறோம், உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரியாக ஒன்றை எடுத்துக்கொண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை பேர் கொடுங்கள். கோடையில் ஐந்தரைக்கே கிளம்பிவிட வேண்டும், ஏழரைக்குள் வீடு திரும்பலாம்.